நாற்பத்து மூன்று கம்பளிப்பூச்சிகள்

அன்றைக்கு முருங்கை மரத்தடியில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். தலைமை ஆசிரியை சரோஜா டீச்சர். நான்காம் வகுப்பு எஸ்தர் டீச்சர். பள்ளியைப் பார்வையிட வந்திருந்த கல்வி அலுவலர். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேர். இருபதாவது பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. சமையல்கூட வாசலில் கையில் கரண்டியோடு நான். என் உதவியாளர் அன்று விடுப்பு. சத்துணவு அமைப்பாளர் அரிசி விஷயமாக வெளியே போயிருந்தார். ஆக மொத்தம் இருபத்து மூன்று பேர். பிற்பாடு தாங்களும் அங்கே இருந்ததாகச் சொன்னவர்கள் நிறைய. அவர்கள் இல்லை.

இந்த இருபத்து மூன்று பேரில் நடந்தது என்னவென்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி ஒன்பது வயது தர்ஷினி. அவள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள், பொய்க்காரி என்று பெயரும் வாங்கிக்கொண்டாள். இன்னொருத்தி நான். நான் வாயைத் திறக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் பரிமளா. நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்குச் சமையலராக வந்தவள். போன வாரம் போன் செய்தாள். "அக்கா, மழை வுட்டதும் மரம் ஃபுல்லா கம்பளிப்பூச்சிக்கா. கொளுத்தவா வேணாவா? நீங்கதான சீனியரு, சொல்லுங்க." இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். நான் "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். ராத்திரி சாப்பிட்டு முடிக்கும்வரை கை ஓடவில்லை. கடைசியில் திரும்பக் கூப்பிட்டு, "எது செஞ்சாலும் மொதல்ல டீச்சர்கிட்ட சொல்லிட்டு செய்" என்றேன். "இதுக்கா ரெண்டு மணி நேரம் யோசிச்சீங்க?" என்று சிரித்தாள். அவளுக்கு விளங்கும்படி எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். அனகாபுத்தூரில் பிறந்தேன், அங்கேயே தறி வீட்டில் நூல் சுற்றினேன், கல்யாணம் ஆனது, சத்துணவில் உதவியாளர் வேலை கிடைத்தது, பிறகு சமையலர் ஆனேன். இருபத்தாறு வருடம் ஒரே பள்ளி. வேலை பழகியதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. அரிசியை மூன்று தண்ணீர் கழுவு, பருப்பில் கல் பார், முட்டையைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதை ஒதுக்கு. சொல்லிக்கொடுத்தவர்கள் சொன்னது அவ்வளவுதான். பயப்படுவதை யாரும் சொல்லித்தரவில்லை, அது எனக்குத் தானாக வந்தது. அண்டாவை மூடிவிட்டு வந்தபின், மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்தபின், பார்க்கும்போது மூடியைத் திறந்து சரியாக வைத்தோமா என்று மறுபடி போவேன். அமைப்பாளர், "விஜயாம்மா அண்டாவ சுத்தி கோயில் மாதிரி பிரதட்சணம் பண்றாங்க" என்று கிண்டல் செய்வார்.

இந்தப் பயத்துக்கு சரோஜா டீச்சரும் ஒரு காரணம். அவர் அதட்டிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக்கூட "வாங்க, உட்காருங்க" என்றுதான் சொல்வார். சாப்பாடு பரிமாறுமுன் சமையலர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், பிறகு தலைமை ஆசிரியர் ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் மணி அடிக்கும். மற்ற பள்ளிகளில் இது ஒரு நிமிட வேலை. சரோஜா டீச்சர் கைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய சொந்த ஸ்பூனை எடுப்பார். அண்டாவின் மேலே எடுக்க மாட்டார்; "நடுவுலேர்ந்து போடுங்க" என்பார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நிற்பார். பேச மாட்டார். ஐந்து நிமிடம் ஆனபின்தான் பேனா மூடியைத் திறப்பார். உப்பு குறைந்திருந்தால் உப்பு குறைச்சல் என்று சொல்ல மாட்டார். "விஜயா, நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களா?" என்பார். அன்று முழுக்க எனக்குத் தண்ணீர்கூட இறங்காது.

சமையல்கூடத்துக்குப் பின்னால் ஒரு முருங்கை. அதன் கிளை ஓட்டின் மேல் சாய்ந்திருக்கும். மழைக்காலம் வந்தால் அதில் கம்பளிப்பூச்சி அடை அடையாக வரும். ராத்திரி மேலே போய் இலையைத் தின்னும், பகலில் அடிமரத்துக்கு இறங்கி ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிக்கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்துக்குச் சட்டை போட்ட மாதிரி இருக்கும். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இதற்கு ஒரே வழிதான். மூங்கில் கழி நுனியில் பழைய துணியைச் சுற்றி, கம்பியால் கட்டி, மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, அடியிலிருந்து மேலாக மரத்தை ஒட்டினாற்போல் இழுக்க வேண்டும். ஓர் இடத்தில் நிறுத்தக் கூடாது, பட்டை வெந்துவிடும். பூச்சி பொரிவது போல் சத்தம் கேட்கும். வருடா வருடம் நான்தான் செய்வேன். முன்பு ஒருமுறை தாமதமாகிவிட்டதில், வரிசையில் நின்ற ஒரு பையன் கழுத்தில் பூச்சி விழுந்து, கழுத்தே தடித்துப்போய், அவன் மாமா வந்து வாசலில் அரை மணி நேரம் கத்தினார். அன்றிலிருந்து பூச்சியின் ஒரு முடி சாம்பாரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் மழைக்காலம் முழுக்க என் நினைப்பு.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது எஸ்தர் டீச்சர் எங்கள் பள்ளிக்கு வந்தார். சின்ன வயது, படப்பையிலிருந்து வண்டியில் வருவார். எதையும் கண்ணால் காட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பவர். செடிகொடிகள் வெயிலை வைத்துச் சாப்பாடு தயாரிக்கின்றன, இலையைப் பூச்சி தின்கிறது, பூச்சியைப் பறவை தின்கிறது என்ற பாடம் வந்தது. உணவுச் சங்கிலி என்பார்கள். அவர் என்னிடம் வந்தார்.

"அக்கா, ஒரே ஒரு வாரம் அந்தப் பூச்சிங்கள ஒண்ணும் பண்ணிடாதீங்க. பிள்ளைங்க தினம் பாத்து நோட்டுல எழுதறாங்க. புத்தகத்துல படம் பாக்கிறத விட இது எவ்வளவோ மேல்."

"சமையல் ரூமாண்ட இருக்குதே டீச்சர். முடி பறக்குமே."

"ஜன்னலச் சாத்தி வச்சுக்கோங்கக்கா. அடுத்த வெள்ளி வரைக்கும்தான். ப்ளீஸ்."

சரி என்றேன். முழு மனதோடு சொன்னேனா என்று கேட்டால் தெரியாது.

பிள்ளைகள் இடைவேளையில் நோட்டோடு வந்து, பத்தடி தள்ளிக் கிழித்த சுண்ணாம்புக் கோட்டுக்கு இப்பால் நின்று எழுதினார்கள். முக்கால்வாசிப் பேர் "நிறைய பூச்சி" என்று எழுதிவிட்டு ஓடிப்போனார்கள். தர்ஷினி மட்டும் விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருப்பாள். அவளுடைய அம்மா பம்மலில் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்பவர். ஒருநாள் லீவு என்றால் அந்த நாள் கூலி இல்லை. அதனால் பள்ளிக்கு எதற்கும் வர முடியாது. தர்ஷினியும் அவரை வரவழைக்கிற மாதிரி எதையும் செய்ய மாட்டாள்.

"எல்லாத்தியும் எப்புடி எண்ணுவ? மேல போயிடுச்சுன்னா?" என்றேன்.

"மேல எண்ணல ஆயாம்மா. என் ஒயரத்துக்குக் கீழ கீறது மட்டும். இன்னிக்கு நாப்பத்தி மூணு."

அது வெள்ளிக்கிழமை, டீச்சர் கேட்ட கெடுவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வலையின் உள்பக்கம் ஒரு பூச்சியைப் பார்த்தேன். உள்பக்கம். எப்படி வந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் கண்ணை மூடியதும் அந்த வலை தெரிகிறது. சனிக்கிழமை விடுமுறை. காலையில் அண்டா துலக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். துலக்கவும் துலக்கினேன். பிறகு அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்த மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்தேன். அப்படி ஒரு பாட்டிலைச் சமையல்கூடத்தில் வைக்கவே கூடாது என்பது விதி. எரிவாயு அடுப்பு வந்ததிலிருந்து அதைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். நான் வைத்திருந்தேன். இந்த ஒரு வேலைக்காக.

கொளுத்திவிட்டு, விழுந்ததைப் பெருக்கி, மதில் ஓரத்துக் கீரைப் பாத்தியில் பள்ளம் தோண்டி மூடினேன். திங்கட்கிழமை முதல் வேலையாக எஸ்தர் டீச்சரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். என்ன வார்த்தை சொல்வது என்பதுகூடத் தயாராக இருந்தது.

திங்கட்கிழமை நான் அரிசி களைந்துகொண்டிருக்கும்போதே வெளியே கூச்சல். "டீச்சர்! பூச்சி ஒண்ணுங்கூட இல்ல டீச்சர்!" ஈரக்கையோடு வாசலுக்கு வந்தேன். எஸ்தர் டீச்சர் மரத்தைப் பார்த்தபடி நின்றார். மேல் கிளையில் ஒரு குயில் உட்கார்ந்திருந்தது. டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது.

"அதோ பாருங்க! யார் சாப்பிட்டிருப்பாங்க? சொல்லுங்க பாப்போம்."

"குயிலு!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

ஒரு பையன், "கம்பளிப்பூச்சி தின்னா தொண்டை அரிக்காதா டீச்சர்?" என்றான்.

"குயிலுக்கு அரிக்காது. மத்த பறவைங்க தொடாது, குயில் சாப்பிடும்" என்றார் டீச்சர். அது உண்மையாம். பிறகு தெரிந்துகொண்டேன்.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அரை நிமிடம் இருந்திருக்கும். டீச்சர் திரும்பி என்னைப் பார்த்து, "பாத்தீங்களாக்கா, நம்ம பாடம் கண்ணு முன்னாலயே நடந்திடுச்சு!" என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை முகத்துக்கு நேரே எப்படி உடைப்பது? தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல் என்ன அர்த்தத்தில் என்று எனக்கே விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பெரிய அட்டையில் படம் வரைந்தார்கள். சூரியன், முருங்கை இலை, கம்பளிப்பூச்சி, குயில். நடுவில் அம்புக்குறிகள். வியாழக்கிழமை அலுவலர் வருகிறார், நான்காம் வகுப்பு மரத்தடியில் பாடம் நடத்திக் காட்டப்போகிறது என்று செய்தி வந்தது. ஒவ்வொரு நாளும் விஷயம் என் கையை விட்டுப் பெரிதாகிக்கொண்டே போனது.

புதன்கிழமை தர்ஷினி தட்டோடு வந்தாள். சாதம் போட்டேன். நகரவில்லை.

"ஆயாம்மா, மரம் இன்னா அங்கங்க கருப்பா கீது?"

பின்னால் பிள்ளைகள் நிற்கிறார்கள். என் வாயில் வந்தது இதுதான்: "மழைல ஊறிச்சில்ல, அப்படித்தான் இருக்கும்."

அவள் முட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பாடம் தொடங்கியது. பிள்ளைகள் பாட்டு மாதிரி ஒப்பித்தார்கள். அலுவலர் நல்ல மனிதர், சிரித்த முகம். "பூச்சிங்க எங்க போச்சு?" என்றார். "குயில் சாப்பிட்டுச்சு சார்!" என்றார்கள். தர்ஷினி கையைத் தூக்கினாள்.

"குயிலு திங்கல சார். யாரோ கொளுத்திட்டாங்க."

எல்லாரும் திரும்பினார்கள். அவள் பாவாடைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே சுருண்டு கரிந்த ஒரு பூச்சி. என் கண்ணுக்குத் தப்பி வேர் இடுக்கில் கிடந்திருக்கிறது.

எஸ்தர் டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "சார், அது வேற எங்கயாவது எடுத்திருப்பா" என்றார். "ஏய், பொய்க்காரி" என்று ஒரு பையன் முணுமுணுத்தான், இரண்டு மூன்று பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "குயிலாண்ட போய்க் கேளு, தீப்பெட்டி வச்சிருந்துதான்னு!" அலுவலர் சிரித்துவிட்டு, "கற்பனை நல்லாயிருக்கு" என்றார். சரோஜா டீச்சர், "தர்ஷினி, உட்காருங்க" என்றார். அவள் உட்காரவில்லை.

"நான் எண்ணி எழுதியிருக்கேன் மிஸ். நாப்பத்தி மூணு. ஒரு குயிலு ரெண்டு நாள்ல அத்தினி எப்புடி திங்கும்?"

எஸ்தர் டீச்சர் அவள் நோட்டை வாங்கினார். மெல்லத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது: "இந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டு வேற எழுது. நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு வா."

அம்மா என்றதும்தான் அந்தப் பிள்ளையின் உதடு கோணியது. அதுவரை அழவில்லை.

நான் உள்ளே போய் அண்டா மூடியைத் திறந்தேன், மூடினேன். கொஞ்ச நேரத்தில் சரோஜா டீச்சரும் அலுவலரும் ருசி பார்க்க வந்தார்கள். டீச்சர் ஸ்பூனைப் பிரித்தார். நடுவிலிருந்து போட்டேன். சாப்பிட்டார், கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த ஐந்து நிமிடத்தில் நினைத்ததையெல்லாம் எழுதினால் ஒரு நோட்டு போதாது. மண்ணெண்ணெய் வெளியே வந்தால் வேலை போகும். இரண்டு வருடம்தான் பாக்கி. சின்னப் பிள்ளை, நாளைக்கே மறந்துவிடும். மறக்காது. அவள் அம்மா ஒருநாள் கூலியை விட்டு வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் பிள்ளையை அடிப்பாள். டீச்சருக்கு அலுவலர் முன்னால் அவமானம். ஒரு பக்கம் சாய்ந்தால் இன்னொரு பக்கம் இழுத்தது. சரி எதுவென்று முடிவு செய்துவிட்டு நான் பேசியதாகச் சொல்ல மாட்டேன். டீச்சர் பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது, கையெழுத்துப் போட்டுவிட்டால் மணி அடித்துவிடும் என்று பயந்துபோய்ப் பேசினேன்.

"அம்மா, நான்தான் கொளுத்துனேன்."

சரோஜா டீச்சர் பேனாவை மூடினார். "எப்போ?"

"சனிக்கெழம."

"எதை வச்சு?"

அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அலுவலரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "இது இங்கயா இருந்துது? கேஸ் அடுப்புப் பக்கத்துலயா? இருபத்து நாலு வருஷம் சர்வீஸ்னு சொன்னாங்களேம்மா!" என்றார். அண்டாவின் காதைப் பிடித்துக்கொண்டேன், சுட்டுவிட்டது.

"பிள்ளைங்க முதல்ல சாப்பிடட்டும்" என்றார் சரோஜா டீச்சர். கையெழுத்துப் போட்டார். மணி அடித்தது. சாப்பாடு முடிந்ததும், அலுவலரும் கூட வர, என்னை நான்காம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். "விஜயா, என்ன நடந்ததோ அதை அப்படியே சொல்லுங்க. குறைக்க வேண்டாம், கூட்ட வேண்டாம்."

ஏழாவதில் விட்ட பிறகு கரும்பலகை முன்னால் நின்றது அன்றுதான். துணி சுற்றியது முதல் பள்ளம் தோண்டியது வரை சொன்னேன். எஸ்தர் டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "தர்ஷினி சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. அம்மாவ வரச் சொல்ல வேண்டாம்" என்றார். அந்தத் தைரியம் எனக்குத் திங்கட்கிழமை வந்திருக்கலாம்.

ஒரு பையன் அட்டையைக் காட்டி, "அப்ப ஆயாம்மாவ எங்க டீச்சர் வரையறது? பூச்சிக்குப் பக்கத்துலயா?" என்றான்.

"ஆயாம்மா பூச்சிய துன்னல இல்ல. துன்னாதான் அம்புக்குறி" என்றாள் ஒருத்தி.

"அப்ப அதுங்கள யாரு துன்னாங்க?"

"மண்ணு" என்றார் எஸ்தர் டீச்சர், கொஞ்சம் யோசித்து. "கீரைப் பாத்தியில பொதைச்சாங்க இல்ல? மக்கி உரமாகும். அத வச்சுக் கீரை வளரும்."

வகுப்பே எழுந்துவிட்டது. "ஐயய்யே! அந்தக் கீரையத்தான நேத்து துன்னோம்!"

"இவ்வளவு சீக்கிரம் ஆகாது. மாசக்கணக்காகும்."

"அப்ப பொங்கலுக்கு அப்பறமா நாம பூச்சி துன்னுவமா டீச்சர்?"

அலுவலரே சிரித்துவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டில் விழுந்துவிடக் கூடாது என்றுதானே கொளுத்தினேன்? அது மண் வழியாக எப்படியும் தட்டுக்கு வரும் என்கிறார்கள். டீச்சர் அதை நல்ல விஷயம் போலச் சொன்னார். நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வேலை போகவில்லை. விளக்கக் கடிதம் கேட்டார்கள். நானே என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன், எட்டு வரி, அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. எச்சரிக்கை கொடுத்தார்கள். எஸ்தர் டீச்சர் சில மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு பேசினார்.

எல்லாரும் அதோடு முடிந்தது என்றார்கள். மறுநாள் தர்ஷினி தட்டோடு வந்தாள். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிரிப்பாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

"நான் கேட்டப்ப ஏன் மழைன்னு சொன்னீங்க?" என்றாள்.

கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். அவள் தட்டை நீட்டவில்லை. "இன்னிக்கு இதுல இன்னா போட்டிருக்கீங்க?"

"அரிசி, பருப்பு, கேரட்டு, பீன்ஸு, வெங்காயம், தக்காளி, மஞ்சத்தூளு, மொளகாத்தூளு, உப்பு, எண்ணெய், கடுகு, கருவேப்பில" என்றேன்.

"வேற?"

"பெருங்காயம்."

அப்புறம்தான் தட்டை நீட்டினாள். அன்றிலிருந்து தினமும் கேட்டாள். தினமும் ஒன்று விடாமல் சொன்னேன். வரிசையில் பின்னால் நிற்பவர்கள், "சீக்கிரம்டி, ஓட்டல்ல மெனு கேக்கிற மாதிரி கேக்குறா" என்று கத்துவார்கள். அவள் அசைய மாட்டாள். தண்ணீர் எந்தக் குழாயில் பிடித்தது என்றுகூட ஒருநாள் கேட்டாள். இப்படி நான்காவது முடிந்தது, ஐந்தாவதும் வந்தது. என்னை நம்பாததால் கேட்கிறாளா, இல்லை பழகிவிட்டதால் கேட்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

அவள் ஐந்தாவது முடித்துப் போகிற கடைசி நாளும் வந்தது. நானும் அந்த மாதத்தோடு ஓய்வு. கூட்டத்தோடு தள்ளிக்கொண்டு வந்தாள், தோழியோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினாள். கேட்கவில்லை. நான் கரண்டியோடு காத்திருந்தேன். கேட்கவே இல்லை. நானாகவே, "தர்ஷினி, இன்னிக்கு தக்காளி சாதம். அரிசி, தக்காளி, வெங்காயம், இஞ்சி, பூண்டு..." என்று ஆரம்பித்தேன். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. முட்டையை உரித்தபடியே வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிவிட்டாள். அடுத்த பிள்ளை தட்டோடு நின்றது, நான் பட்டியலை முடித்துவிட்டுத்தான் அதற்குப் போட்டேன்.